தோற்றவரை நினைக்கிறோம்; வென்றவர் யார்?

1999-ஆம் ஆண்டு ஜூலை 18. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையோரம் உள்ள கார்னூஸ்டி மைதானத்தில் ஓபன் சாம்பியன்ஷிப் கோல்ஃப் போட்டியின் இறுதி நாள். நான்கு நாள்களில் 71 குழிகளை ஆடி முடித்து, 72-ஆவது குழியின் தொடக்கத்தில் நின்ற பிரான்ஸ் வீரர் ழான் வான் டு வெல்ட், மற்ற அனைவரையும்விட மூன்று அடிகள் முன்னிலையில் இருந்தார். நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய அந்தக் குழியை அவர் ஆறு அடிகளில் முடித்தாலே கோப்பை அவருடையது. 1907-இல் அர்னோ மாஸி வென்றதற்குப் பிறகு, எந்தப் பிரெஞ்சுக்காரரும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை.

பாதுகாப்பாக ஆடியிருக்கலாம். அவரோ நீண்ட தொலைவுக்கான மட்டையை எடுத்தார். முதல் அடி வலப்புறம் வெகுதூரம் விலகியது. இரண்டாவது அடி பார்வையாளர் மாடத்தின் கம்பியில் மோதித் திரும்பி, அடர்ந்த புல்லுக்குள் விழுந்தது. மூன்றாவது அடி, மைதானத்தை ஊடறுத்து ஓடும் பேரி ஓடைக்குள் போயிற்று. காலணிகளையும் காலுறைகளையும் கழற்றிவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு ஓடையில் இறங்கி நின்ற அவருடைய தோற்றம் உலகெங்கும் ஒளிபரப்பானது. தண்ணீரிலிருந்தே அடிக்கலாமா என்று யோசித்து, பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டு, ஓர் அடியை அபராதமாக ஏற்றுக்கொண்டு வெளியே வந்தார். ஐந்தாவது அடி மணற்குழியில் விழுந்தது. ஆறாவதில் வெளியேறி, ஏழாவதில் பந்தைக் குழிக்குள் சேர்த்தார்.

அந்த ஏழாவது அடியும் எளிதானதன்று. அது தவறியிருந்தால் கூடுதல் ஆட்டத்துக்கான வாய்ப்பே பறிபோயிருக்கும். ஆனால், அவர் பதற்றத்தை வென்று அதைச் சரியாக அடித்தார் என்பதை எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மூவர் சமநிலையில் இருந்ததால் நான்கு குழிகள் கொண்ட கூடுதல் ஆட்டம் நடந்தது. அதில் ஸ்காட்லாந்து வீரர் பால் லாரி வென்றார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் 'கார்னூஸ்டி' என்றதும் ஓடையில் நின்றவர்தாம் நினைவுக்கு வருகிறார். கோப்பையைத் தூக்கியவர் நினைவுக்கு வருவதில்லை. தொழில்முறை கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகளைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறு இங்குதான் தொடங்குகிறது.

அந்த நான்கு போட்டிகள் எவை? 1860-இல் பிரெஸ்ட்விக் மைதானத்தில் தொடங்கிய ஓபன் சாம்பியன்ஷிப், 1895-இல் தொடங்கிய அமெரிக்க ஓபன், 1916-இல் தொடங்கிய பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், 1934-இல் தொடங்கிய மாஸ்டர்ஸ். இவற்றில் மாஸ்டர்ஸ் மட்டுமே ஆண்டுதோறும் ஒரே மைதானத்தில், ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் நடைபெறுகிறது. மற்ற மூன்றும் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுபவை. நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 18 குழிகள், மொத்தம் 72 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர்.

பிற விளையாட்டுகளில் முன்னிலையில் இருப்பவர் அதைப் பாதுகாக்க வழி உண்டு. கால்பந்தில் பந்தைத் தம் வசமே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். கிரிக்கெட் டெஸ்டில் தடுத்தாடி ஆட்டத்தைச் சமநிலையில் முடிக்கலாம். கோல்ஃபில் ஓடித் தீரும் கடிகாரம் இல்லை. தடுக்க வேண்டிய எதிராளியும் இல்லை. பத்து அடிகள் முன்னிலையில் இருப்பவரும் கடைசிப் பந்தைத் தாமே குழிக்குள் போட்டாக வேண்டும். தோல்வியைத் தவிர்ப்பதற்கென்று தனியாக ஓர் ஆட்டமுறை இவ்விளையாட்டில் கிடையாது.

இரண்டாவது காரணம், சிந்திக்கக் கிடைக்கும் நேரம். ஒரு சுற்றை முடிக்க நான்கு மணி நேரத்துக்கும் மேலாகிறது. அதில் பந்தை அடிப்பதற்கான நேரம் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் நடையும் காத்திருப்பும்தான். வேகமாக வரும் பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளருக்கு அஞ்சுவதற்கு நேரமில்லை. அசையாமல் கிடக்கும் பந்தின் முன் நிற்பவருக்கோ அச்சம் முழுமையாக வந்து சேர நேரம் இருக்கிறது.

மூன்றாவது காரணம் களம். ஓபன் போட்டி நடைபெறும் கடலோர மைதானங்களில் காற்று ஒரு மணி நேரத்துக்குள் திசை மாறும். காலையில் ஆடியவருக்குக் கிடைத்த வானிலை மாலையில் ஆடுபவருக்குக் கிடைக்காமல் போகலாம். அகஸ்டாவில் பிற்பகுதி ஒன்பது குழிகளில் ஐந்தில் தண்ணீர் குறுக்கிடுகிறது. அவற்றுள் 12-ஆவது குழி மிகச் சிறியது. ஏறத்தாழ 155 கஜம்தான். 2016-இல் பாதி ஆட்டம் முடிந்தபோது ஐந்து அடிகள் முன்னிலையில் இருந்த ஜோர்டன் ஸ்பீத், அந்தச் சின்னஞ்சிறு குழியில் இரு முறை பந்தை ஓடைக்குள் அடித்து, மூன்றில் முடிக்க வேண்டியதற்கு ஏழு எடுத்துக்கொண்டார். பட்டம் டேனி வில்லெட்டுக்குப் போயிற்று.

அதே அகஸ்டாவில் 1996-இல், இறுதி நாளை ஆறு அடிகள் முன்னிலையுடன் தொடங்கிய ஆஸ்திரேலியர் கிரெக் நார்மன், ஐந்து அடிகள் வித்தியாசத்தில் நிக் ஃபால்டோவிடம் தோற்றார். 2009-இல் டர்ன்பரியில் நடந்த ஓபனில், 59 வயது டாம் வாட்சன் கடைசிக் குழியை வழக்கமான நான்கு அடிகளில் முடித்திருந்தால் வரலாறு படைத்திருப்பார். நன்றாகவே அடிக்கப்பட்ட அவருடைய பந்து, புல்தளத்தைத் தாண்டி உருண்டு பின்னால் போய் நின்றது. ஐந்து அடிகள் ஆயின. கூடுதல் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்க் வென்றார்.

பெண்கள் போட்டிகளும் விதிவிலக்கல்ல. 2012-இல் கிராஃப்ட் நபிஸ்கோ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில், தென் கொரியாவின் இன்-கியுங் கிம் ஒரு முழத்துக்கும் குறைவான தொலைவிலிருந்து பந்தைத் தவறவிட்டார். அதன் பின் கூடுதல் ஆட்டத்திலும் தோற்றார்.

களத்தில் தோற்காமலேயே வாய்ப்பை இழந்தவரும் உண்டு. 1968 மாஸ்டர்ஸின் இறுதி நாள், அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு 45-ஆவது பிறந்த நாள். அன்று அவர் 65 அடிகளில் சுற்றை முடித்தார். ஆனால், அவருடன் ஆடிக் கணக்கெழுதியவர் 17-ஆவது குழியில் மூன்று என்பதற்குப் பதிலாக நான்கு என்று குறித்துவிட்டார். அதைக் கவனிக்காமல் விசென்சோ கையொப்பமிட்டார். கையொப்பமிட்ட எண்ணிக்கை உண்மையைவிடக் கூடுதலாக இருந்தால் அதுவே நிலைக்கும் என்பது விதி. பாப் கோல்பியுடன் மறுநாள் கூடுதல் ஆட்டம் ஆடியிருக்க வேண்டியவர், ஒரு கையொப்பத்தால் இரண்டாமிடம் பெற்றார்.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்ப்பவர், இது திறமைக்கான போட்டியா, குலுக்கல் சீட்டா என்று கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1913 அமெரிக்க ஓபனில், மைதானத்துக்கு எதிர் வீட்டில் வளர்ந்து, பிறருக்கு மட்டைப்பை சுமந்த 20 வயது பிரான்சிஸ் விமெட், அக்காலத்தின் மாபெரும் ஆட்டக்காரர்களான ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் வீழ்த்தினார். 1991 பி.ஜி.ஏ. போட்டியில், காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவதாக இருந்த ஜான் டேலி, கடைசி நேரத்தில் இடம் கிடைத்து வந்து பட்டத்தை வென்றார். 2003-இல் உலகத் தரவரிசையில் 396-ஆவது இடத்தில் இருந்த பென் கர்ட்டிஸ், தாம் ஆடிய முதல் பெரும் போட்டியிலேயே ஓபன் கோப்பையைப் பெற்றார். பெரும் போட்டிகளில் மூன்றாம் நாள் முடிவில் முன்னிலையில் இருந்த 14 முறையும் வென்ற டைகர் உட்ஸ், 15-ஆவது முறை, 2009 பி.ஜி.ஏ. போட்டியில், கொரியாவின் யாங் யோங்-உன்னிடம் தோற்றார். பெரும் போட்டியை வென்ற முதல் ஆசிய ஆண் வீரர் யாங்தான். இந்தியர்களில் 2015 பி.ஜி.ஏ. போட்டியில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட அனிர்பான் லாஹிரிக்கும் அந்தக் கதவு அப்பாலேயே நின்றது.

ஆனாலும் இது குலுக்கல் சீட்டன்று. அப்படியிருந்தால் ஜாக் நிக்லஸ் 18 பட்டங்களையும், உட்ஸ் 15 பட்டங்களையும் வென்றிருக்க முடியாது. இன்னொரு புள்ளிவிவரம் மேலும் பொருள் பொதிந்தது. அதே நிக்லஸ், பெரும் போட்டிகளில் 19 முறை இரண்டாமிடம் பெற்றிருக்கிறார். வரலாற்றில் அதிகம் வென்றவரே, வென்றதைவிட அதிக முறை வெற்றியின் வாசலில் நின்று திரும்பியிருக்கிறார். திறமை என்பது வெற்றிக்கான உத்தரவாதமன்று. மீண்டும் மீண்டும் அந்த வாசல் வரை வந்து நிற்கும் தகுதி மட்டுமே.

அந்தத் தகுதியைக் கைவிடாதவர்கள் பலர். 2012 ஓபனில் கடைசி நான்கு குழிகளிலும் ஒவ்வோர் அடியாக இழந்து எர்னி எல்ஸிடம் தோற்ற ஆடம் ஸ்காட், ஒன்பது மாதங்கள் கழித்து மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். இன்-கியுங் கிம், ஐந்தாண்டுகளுக்குப் பிறகு 2017-இல் பிரிட்டிஷ் மகளிர் ஓபனை வென்றார். 2011 மாஸ்டர்ஸில் நான்கு அடிகள் முன்னிலையுடன் இறுதி நாளைத் தொடங்கி, 80 அடிகள் எடுத்துச் சரிந்த ரோரி மெக்கில்ராய், 2025-இல் அதே அகஸ்டாவில், கடைசிக் குழியில் வெற்றிக்கான எளிய வாய்ப்பைத் தவறவிட்டும், ஜஸ்டின் ரோஸுக்கு எதிரான கூடுதல் ஆட்டத்தில் வென்றார். நான்கு பெரும் போட்டிகளையும் வென்ற ஆறாவது வீரர் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது. இடையில் ஓடியவை 14 ஆண்டுகள்.

வான் டு வெல்டுக்கு அப்படியொரு மறுவாய்ப்பு வாய்க்கவில்லை. எனினும் அவரை ஏளனத்தின் சின்னமாக்கியது நியாயமாகாது. அவர் தேர்ந்த வழி தவறாக இருக்கலாம். ஆனால், 71 குழிகளில் தம்மை முதலிடத்துக்குக் கொண்டுவந்த அதே துணிவுடன்தான் 72-ஆவது குழியையும் அவர் ஆடினார். இரண்டாவது அடி கம்பியில் மோதாமல் கூட்டத்துக்குள் விழுந்திருந்தால், அதே துணிவை நாம் வீரம் என்று கொண்டாடியிருப்போம்.

அதைவிடப் பெரிய அநீதி, பால் லாரிக்கு இழைக்கப்பட்டது. உலகத் தரவரிசையில் 159-ஆவது இடத்தில் இருந்த அவர், தகுதிச் சுற்று ஆடித்தான் அந்தப் போட்டிக்குள்ளேயே நுழைந்தார். இறுதி நாளை, முன்னிலை வீரரைவிடப் பத்து அடிகள் பின்தங்கிய நிலையில் தொடங்கினார். கொடுமையான அந்த மைதானத்தில் 67 அடிகளில் சுற்றை முடித்தார். கூடுதல் ஆட்டத்தின் கடைசி இரு குழிகளையும் நிர்ணயித்த எண்ணிக்கைக்கு ஓர் அடி குறைவாக முடித்து வென்றார். பெரும் போட்டி வரலாற்றில் இறுதி நாளில் இத்தனை பின்னடைவிலிருந்து மீண்டு வென்றவர் வேறெவரும் இல்லை. ஆயினும் அது பிறர் நழுவவிட்ட கோப்பை என்றே பேசப்படுகிறது.

ஒருவரின் வீழ்ச்சியை வேடிக்கை பார்க்கும் ஆர்வத்தில், இன்னொருவரின் உழைப்பைக் காணத் தவறிவிடுகிறோம். வான் டு வெல்ட் ஓடையில் நின்ற அந்த மாலையில், தம் ஆட்டத்தை எப்போதோ முடித்துவிட்டு, தமக்கு எந்த உரிமையும் இல்லாத முடிவுக்காக லாரி காத்திருந்தார். வாய்ப்பு வந்தபோது அவர் ஆயத்தமாக இருந்தார். கார்னூஸ்டியை நினைக்கும்போது அவரையும் சேர்த்து நினைப்பதே முறை.