ஆற்றில் விழுந்தால் எழுந்து நிற்காதீங்க... 50 ஆண்டுகளாகக் கற்றுக்கொடுக்கும் நாண்டஹாலா துடுப்புப் பள்ளி: பின்னால் இருப்பவர்கள் யார்?

அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே ஓடும் ஆறு நாண்டஹாலா. அதன் கரையில் இருக்கும் நாண்டஹாலா அவுட்டோர் சென்டர், அந்த நாட்டின் பெரிய சாகச சுற்றுலா நிறுவனங்களில் ஒன்று. ராஃப்டிங், கயாக் பயிற்சி, மலையேற்றம் என எல்லாமே அங்கே உண்டு. ஆனால் இது தொடங்கியது சாலையோரத்தில் இருந்த ஒரு சாதாரண மோட்டலில்தான்.

யார் தொடங்கினார்கள்?

ஆற்றங்கரையில் இருந்த 'டோட் அண்ட் டாரி' என்ற மோட்டலை ஹோரஸ் ஹோல்டன் வாங்கினார். அதை நடத்த அவர் அழைத்தது பேசன் கென்னடி, ஆரீலியா கென்னடி தம்பதியை. பேசன் அப்போது அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் நூலகத்தில் நிரந்தர வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு குடும்பமே மலைக்குக் குடிபெயர்ந்தது. ஆண்டு 1972. பேசன் ஆற்றைப் பார்த்துக்கொள்ள, ஆரீலியா சாப்பாட்டுக் கடையைக் கவனித்தார்.

சினிமா என்ன செய்தது?

அதே 1972-ல் 'டெலிவரன்ஸ்' என்ற ஹாலிவுட் படம் வெளியானது. ஆற்றுக் காட்சிகள் சட்டூகா நதியில் எடுக்கப்பட்டன. நடிகர் நெட் பீட்டிக்கு டூப் போட்டவர் வேறு யாருமல்ல, இதே பேசன் கென்னடிதான்!

படம் ஹிட். ஆற்றுக்குக் கூட்டம் குவிந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. படத்தைப் பார்த்த உற்சாகத்தில், பயிற்சியும் இல்லாமல், லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் சட்டூகாவில் இறங்கிய பலர் உயிரிழந்தார்கள். படகு விடத் தெரிந்தால் மட்டும் போதாது, விழுந்தால் என்ன செய்வது என்றும் தெரியணும் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

பள்ளியில் என்ன சொல்லித் தருவார்கள்?

கயாக் கவிழ்ந்தால் பதறாமல் வெளியே வருவதுதான் முதல் பாடம். அடுத்தது, இடுப்பை வெட்டித் திருப்பி, துடுப்பின் உதவியோடு கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்துவது.

இன்னொரு முக்கியமான பாடம்: வேகமாக ஓடும் தண்ணீரில், ஆழம் குறைவு என்று நினைத்து எழுந்து நிற்கவே கூடாது. கால் பாறை இடுக்கில் சிக்கினால், பின்னாலிருந்து வரும் நீர் ஆளை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். இடுப்பளவு தண்ணீரிலும் உயிர் போகும். மல்லாந்து மிதக்கணும். கால்கள் நீர் போகும் திசையில், பாதங்கள் நீர்மட்டத்தில் இருக்கணும். அமைதியான இடம் வந்ததும் கரையை நோக்கி நீந்தணும்.

இந்த மையத்தில் பணியாற்றிய லெஸ் பெக்டெல், ஸ்லிம் ரே இருவரும் சேர்ந்து 1985-ல் 'ரிவர் ரெஸ்க்யூ' என்ற புத்தகத்தை எழுதினார்கள். ஆற்று மீட்புப் பணியில் முக்கியமான கையேடாக அது பேசப்படுகிறது.

ஆறு அவர்கள் கையில் இருக்கிறதா?

இல்லை. நாண்டஹாலா அணை 1942-ல் கட்டப்பட்டது. ஏரியின் நீர் குழாய் வழியாக மின் நிலையத்துக்குப் போய், அங்கிருந்துதான் ராஃப்டிங் நடக்கும் பகுதிக்கு வருகிறது. மின் நிலையம் ஓடினால்தான் படகு ஓடும். ஏரியின் ஆழத்திலிருந்து வரும் நீர் என்பதால், கோடையிலும் சுமார் 10 டிகிரி செல்சியஸ்தான். கடைசியில் ஒரு சிறிய அருவி. அதைத் தாண்டினால் மையத்தின் வாசல் வந்துவிடும்.

முதலாளி யார்?

பல ஆண்டுகள் இங்கு வேலை பார்த்தவர்களே நிறுவனத்தின் பங்குதாரர்களாக இருந்தார்கள். சீசன் முடிந்தால் ஆட்கள் கலைந்துபோகும் தொழிலில் இது அபூர்வம். பிறகு நிறுவனம் முதலீட்டாளர்கள் கைக்குப் போனது.

அடுத்த தலைமுறை?

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஸ்லாலம் போட்டிகள் பக்கத்து மாநிலமான டென்னசியின் ஒகோயி ஆற்றில் நடந்தன. அதில் இருவர் கனூ பிரிவில் அமெரிக்காவுக்காகத் துடுப்பு போட்டவர்கள் வெய்ன் டிக்கர்ட், ஹோரஸ் ஹோல்டன் ஜூனியர். முன்னவர் இந்த மையத்தில் பயிற்சியாளராக இருந்தவர். பின்னவர், மோட்டலை வாங்கிய அதே ஹோல்டனின் மகன். 2013-ல் ஃப்ரீஸ்டைல் கயாக் உலக சாம்பியன்ஷிப் போட்டி நாண்டஹாலா ஆற்றிலேயே நடந்தது.

நீங்கள் என்ன கவனிக்கணும்?

எந்த ஊரில் ராஃப்ட் ஏறினாலும் ஒரு விஷயத்தைப் பாருங்க. விழுந்தால் என்ன செய்யணும் என்று கரையிலேயே கைடு சொல்லித் தருகிறாரா? லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இழுத்துப் பார்க்கிறாரா? இல்லை என்றால், பணம் போனாலும் பரவாயில்லை, ஏறாதீங்க.