தூசு யாருடைய வேலை?

சென்ற தை மாதத்தில் எங்கள் வீட்டு வக்கியூம் நின்றுபோனது. பதினாறு வருடம் உழைத்த இயந்திரம். வயர் எரிந்த மணம் ஒன்று வந்தது, பிறகு ஒரு சின்னச் சத்தம், அதோடு சரி. திருத்துகிற கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, மோட்டர் போய்விட்டது, மாற்றுகிற காசுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கலாம் என்றார். வோபர்னில் மார்க்கம் வீதிக்கும் எல்ஸ்மியர் வீதிக்கும் கிட்ட இருக்கும் எங்கள் பழைய வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் சுவருக்குச் சுவர் கம்பளம். இந்த நாட்டார் அதை ‘புரோட்லூம்’ என்பார்கள். பேரனுக்குத் தொய்வு. அவன் விளையாடுவது அந்தக் கம்பளத்தில்தான். ஆகவே இது தள்ளிப்போடக்கூடிய காரியமல்ல.

“இஞ்சாருங்கோ, இந்த முறையாவது வாசலுக்கு வாறவன் சொல்லுறதைக் கேட்காமல், விளங்கிப் பாத்து வாங்குங்கோ” என்றார் மனைவி. அந்த ‘இந்த முறையாவது’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். விளங்கிப் பார்க்கத் தொடங்கியபோது, இந்த இயந்திரத்தின் நூற்றிருபது வருட வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றிப் போவதைக் கண்டேன். வீட்டுத் தூசு யாருடைய வேலை?

ஊரில் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. முற்றத்துக்கு ஈர்க்கு விளக்குமாறு, வீட்டுக்குள் தும்புத்தடி. விடிய எழும்பி முற்றம் கூட்டுவது அம்மா, அல்லது அக்காமார். விளக்கு வைத்த பிறகு கூட்டக்கூடாது, இலட்சுமி போய்விடுவாள் என்பார்கள். படலைக்கு வெளியே தெருவைக் கூட்டுவது வேறு ஆட்களின் வேலை. யாழ்ப்பாண நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் பிரித்தானியர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அந்த வேலைக்கென்றே கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு எங்கள் வீட்டிலும் தனியாக ஒரு பேணி இருந்தது. வீட்டுக்குள் பெண், வெளியே கீழே வைக்கப்பட்ட சாதி. எங்கள் சமூகம் தூசை இப்படித்தான் பங்கிட்டிருந்தது.

மேற்கிலும் முதலில் இது வேறு யாரோ வந்து செய்யும் வேலைதான். 1901 இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர் ஓர் அமெரிக்க இயந்திரத்தின் காட்சிக்குப் போயிருந்தார். அது காற்றை ஊதித் தூசைக் கிளப்பும் இயந்திரம். ஊதுவதை விட்டு உறிஞ்சினால் என்ன என்று அவர் கேட்டபோது, அது முடியாத காரியம் என்றார்களாம். பூத் ஓர் உணவகத்தில் கதிரையின் மெத்தையில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். மூச்சு முட்டியது, ஆனால் வழி தெரிந்துவிட்டது. அந்த வருடமே காப்புரிமை எடுத்தார்.

அவர் செய்த இயந்திரம் வீட்டுக்குள் நுழையாது. குதிரைகள் இழுத்துவரும் வண்டியில் எஞ்சின் இருக்கும். தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை யன்னல் வழியாக உள்ளே விடுவார்கள். சீருடை போட்ட ஆட்கள் சுத்தம் செய்வார்கள். 1902 இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ற்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அதுதான். முதலாம் உலகப் போரின்போது கடற்படையினர் தங்கியிருந்த கிறிஸ்டல் பலஸ் மாளிகையிலிருந்து 26 தொன் தூசு எடுத்ததாகச் சொல்வார்கள். குழாயின் ஒரு பகுதி கண்ணாடியால் ஆனது. வசதியான வீட்டுப் பெண்கள் சிநேகிதிகளைத் தேநீருக்கு அழைத்து, தங்கள் வீட்டுத் தூசு அதற்குள்ளால் ஓடுவதைக் காட்டினார்களாம். தூசைக் கண்ணுக்குக் காட்டி விற்கிற வித்தை அன்றே தொடங்கிவிட்டது.

இயந்திரத்தை ஓர் ஆள் தூக்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் மரி ஸ்பாங்ளர். அவரைப் பற்றி வாசித்தபோது எனக்கு உள்ளே ஏதோ செய்தது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் கன்ரன் நகரத்துக் கடையொன்றில் கூட்டித் துடைப்பவராக வேலை செய்தவர் அவர். வயது அறுபதுக்குக் கிட்ட, தொய்வுக்காரர். கம்பளம் கூட்டும்போது எழும் தூசில் மூச்சு இழுத்தது. வேலையை விட வசதியில்லை. 1907 இல் ஒரு மின்விசிறி மோட்டர், சவர்க்காரப் பெட்டி, தும்புத்தடிப் பிடி, தலையணை உறை இவற்றைச் சேர்த்துக் கட்டி ஒன்றைச் செய்தார். 1908 இல் காப்புரிமை கிடைத்தது. கையில் முதல் இல்லாததால், குதிரைச் சேணம் முதலான தோற்பொருட்கள் செய்துவந்த வில்லியம் ஹூவரின் கைக்கு அது போனது. கார்கள் வரத் தொடங்கிய காலம் அது. சேண வியாபாரத்துக்கு நாள் எண்ணப்படுவது ஹூவருக்குத் தெரிந்திருந்தது. 1915 இல் ஸ்பாங்ளர் இறந்துவிட்டார். பிரித்தானியரின் பேச்சில் ‘ஹூவர்’ ஒரு வினைச்சொல்லாகவே நிலைத்தது. ஸ்பாங்ளரின் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஹூவர் 1908 டிசெம்பரில் ஒரு பிரபல அமெரிக்க வார இதழில் விளம்பரம் போட்டார்: பத்து நாள் வீட்டில் வைத்து இலவசமாகப் பாவித்துப் பாருங்கள். கேட்டு எழுதியவர்களுக்கு நேரடியாக அனுப்பாமல், அந்தந்த ஊர்க் கடைக்காரர் மூலமாக அனுப்பினார். கடைக்காரர்கள் முகவர்கள் ஆனார்கள். பிறகு சுவீடனின் எலெக்ரோலக்ஸ் 1921 இல் சறுக்குக்கட்டையில் இழுக்கும் உருளை வடிவ இயந்திரத்தைக் கொண்டுவந்து, வீடு வீடாக ஆட்களை அனுப்பி விற்றது. இந்தியாவுக்கும் அதே வழிதான். 1982 இல் எலெக்ரோலக்ஸின் கூட்டோடு தொடங்கப்பட்ட யுரேக்கா ஃபோர்ப்ஸ், கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர்களைச் சென்னை முதலான நகரங்களின் வாசல்களுக்கு அனுப்பியது. ஆனால் சென்னையில் என் ஒன்றுவிட்ட அண்ணர் வீட்டில் நான் பார்த்த வக்கியூம் பரணில்தான் இருந்தது. நிலம் மொசைக், கூட்டித் துடைக்க ஓர் அம்மா காலையில் வருவார். அவருக்குக் கொடுக்கிற சம்பளத்தோடு இயந்திரம் போட்டிபோட முடியவில்லை. வேலையாள் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் இயந்திரம் பரணில் ஏறும். வேலையாள் கிடைக்காத இடத்தில்தான் அது கீழே இறங்கும்.

கனடாவில் அதற்கு இன்னொரு துணை இருந்தது. 1906 இல் ஒன்ராறியோ அரசு மின்சார ஆணைக்குழுவை அமைத்தது. அதன் தலைவர் அடம் பெக். 1910 இல் நயாகராவின் மின்சாரம் இப்போது கிச்சனர் எனப்படும் பேர்லின் நகரத்துக்கு வந்தது. நீர்வீழ்ச்சியிலிருந்து வந்ததால் இந்த மாகாணத்தார் மின்சாரத்தை இன்றும் ‘ஹைட்ரோ’ என்கிறார்கள். நாங்களும் வந்த முதல் மாதத்திலேயே ‘ஹைட்ரோ பில்’ என்று சொல்லப் பழகிவிட்டோம்.

மின்சாரமும் இயந்திரமும் வந்து வீட்டு வேலை குறைந்ததா? அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983 இல் ‘மோர் வேர்க் ஃபோர் மதர்’ என்ற நூலில் இதை ஆராய்ந்தார். முன்பு கம்பளத்தை வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வெளியே கொண்டுபோய்க் கொடியில் போட்டு அடிப்பார்கள். தூக்கவும் அடிக்கவும் ஆண்கள், பிள்ளைகள், கூலியாட்கள் எல்லாரும் வேண்டும். இயந்திரம் வந்தபின் அது வாராவாரம் செய்யும் வேலையாகி, ஒரே ஆளின் தலையில் விழுந்தது. அந்த ஆள் வீட்டுப் பெண். உழைப்பின் பாரம் குறைந்தது. நேரம் குறையவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நான் ரொறன்ரோ வந்தது 1987 இல். வந்த மூன்றாம் கிழமையே இரவு வேலை. நகர மையத்தில் ஒரு கோபுரத்தில் அலுவலகங்களைச் சுத்தம் செய்வது. முதுகில் பூட்டுகிற வக்கியூம், காதில் இரைச்சல், மாடிக்கு மாடி கம்பளம். எங்களுக்கு முன் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பகுதியினர் போர்த்துக்கேயப் பெண்கள். 1984 இல் ஃபர்ஸ்ற் கனேடியன் பிளேஸ் என்ற 72 மாடிக் கோபுரத்தின் துப்புரவுப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். எங்களுக்கு வேலை பழக்கிய போர்த்துக்கேய அம்மா அதைப் பெருமையோடு சொல்லுவார். அவருக்கு அந்த வேலையைப் பற்றி வெட்கமில்லை.

எனக்கு இருந்தது. ஆறு வருடம் செய்தேன். ஊருக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் அதை எழுதவில்லை. ‘ஒரு கொம்பனியில் இரவு வேலை’ என்றே எழுதினேன். என்னோடு வேலை செய்த ஆசிரியர் ஒருவர், கிளாக்கர் ஒருவர், எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். தனிப் பேணியில் தண்ணீர் கொடுத்த வீட்டின் பிள்ளைகள் நாங்கள். தும்புத்தடி எங்கள் கைக்கு வந்தபோது அதன் பெயரைச் சொல்ல நா எழவில்லை. இந்த நகரத்துத் தமிழரின் வரலாற்றில் கோயில்களும் கடைகளும் பதிவாகியிருக்கின்றன. அந்த இரவு மாடிகளும் பதிவாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆறு வருடத்தில் ஒரு நாளும் நான் எங்கள் வீட்டில் வக்கியூம் பிடிக்கவில்லை. வேலையில் பிடிக்கிறேன், வீட்டிலுமா என்பேன். மனைவியும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். கோவன் எழுதியதை நான் அறியாமலே எங்கள் அப்பார்ட்மென்றில் நடத்திக் காட்டினேன்.

மனைவி சொன்ன கதை அதன் பிறகு நடந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் நல்ல தமிழ்ப் பெடியன் ஒருவன் பெரிய பெட்டியோடு வந்தான். எங்கள் கட்டிலில் இயந்திரத்தைப் பிடித்து, அதில் ஒட்டிய வெள்ளைத் துணியைக் கழற்றிக் காட்டினான். கறுப்பு. “அன்ரி, இதிலதான் பிள்ளையள் படுக்கினம்” என்றான். மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கையெழுத்து வைத்தேன். 1,800 டொலர், மாதத் தவணை. எந்தக் கட்டிலிலும் துணி கறுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. இயந்திரம் மோசமில்லை. விலைதான் அநியாயம். அவனும் எங்களைப் போல வந்து சேர்ந்தவன், கொமிஷனில் வாழ்ந்தவன். இப்போது ஒன்ராறியோவில் 2002 இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாசலில் செய்த ஒப்பந்தத்தைப் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். 2005 இல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஆட்கள் பலருக்கு இது இன்னும் தெரியாது. தெரிந்திருங்கள்.

இனித் தெரிவுக்கு வருகிறேன். கடையில் முதலில் கண்ணில் படுவது பெட்டியில் இருக்கும் ‘12 அம்ப்’ என்ற எண். இங்கே மின்னழுத்தம் 120 வோல்ற். பெருக்கினால் 1,440 வாற். இது இயந்திரம் குடிக்கிற மின்சாரம், உறிஞ்சுகிற வலு அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014 இல் 1,600 வாற் என்றும் 2017 இல் 900 வாற் என்றும் உச்ச எல்லை வைத்தது. அங்கேயும் வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

அடுத்தது, பையா, பையில்லாததா? ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்து, சுழற்காற்றால் தூசைப் பிரிக்கும் முறையைக் கண்டார். 1993 இல் அவருடைய முதல் சொந்த இயந்திரம் வந்தபோது தூசுக்கிண்ணம் கண்ணாடி போல இருந்தது. பூத்தின் கண்ணாடிக் குழாய் திரும்பி வந்தது போல. நல்ல கண்டுபிடிப்புத்தான். ஆனால் கிண்ணத்தைக் குப்பைவாளியில் தட்டும்போது நுண்ணிய தூசு தட்டுகிறவரின் முகத்துக்கே வரும். தொய்வுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது யோசிக்கவேண்டிய விடயம். வீட்டுத் தூசில் ஒவ்வாமையைத் தருவது பெரும்பாலும் தூசுச் சிற்றுண்ணிகள் என்பதை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1960களில் காட்டினார்கள். வடி சரியில்லாத வக்கியூம் அந்தத் தூசை முன்னால் எடுத்துப் பின்னால் காற்றில் விடும். ஹெப்பா வடி என்பது 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்கவேண்டும். வடி மட்டும் போதாது. காற்று வேறு வழியால் கசியாமல் உடம்பு முழுவதும் இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கவேண்டும். மகள் பற்றரியில் ஓடும் தடி வகையைக் காட்டினாள். இலேசு, அழகு. ஆனால் சில வருடத்தில் பற்றரி தளரும், கம்பளத்துக்கு வலுவும் காணாது.

கடைசியில், வயரோடு இழுக்கிற, துணிப்பை போடுகிற, ஹெப்பா வடி உள்ள உருளை வகை ஒன்றை வாங்கினோம். பையும் வடியும் இன்னும் பல வருடம் கிடைக்குமா, திருத்துகிற கடைக்காரர் அந்த வகையைக் கையில் எடுப்பாரா என்று முதலிலேயே அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் இப்போது அதைப் பிடிப்பது நான். பேரனை மேலே அனுப்பிவிட்டு, யன்னலைத் திறந்து, சுவர்க்கரையிலிருந்து தொடங்கி, ஒரு வரியின் மேல் அடுத்த வரி பாதி ஏறும்படி மெதுவாக இழுக்கிறேன். அந்தப் போர்த்துக்கேய அம்மா பழக்கிய முறை. “அப்பா, இதை எங்க பழகினீங்கள்?” என்று சென்ற கிழமை மகள் கேட்டாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, படியில் இருந்து, அந்த ஆறு வருடக் கதையை முதல் தடவையாக அவளுக்குச் சொன்னேன்.