அந்த ஒரு தாள் எங்கே போச்சு? பைப்பர் ஆல்ஃபா, 1988

ஆபீஸ் டவுன்ஹால் மீட்டிங்ல ‘பர்னிங் பிளாட்ஃபார்ம்’னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? 2011 பிப்ரவரியில் நோக்கியா சி.இ.ஓ. ஸ்டீஃபன் ஈலாப் ஊழியர்களுக்கு எழுதின மெமோவால ரொம்பப் பிரபலமான உவமை அது. நடுக்கடல்ல எண்ணெய் எடுக்கிற மேடை எரியுது, அதுல நிக்கிறவன் ஒண்ணு குதிக்கணும், இல்ல சாகணும். நம்ம கம்பெனியும் அப்படித்தான் இருக்கு, மாறுங்கன்னு அர்த்தம்.

இந்த உவமைக்குப் பின்னாடி நிஜமாவே எரிஞ்ச ஒரு மேடை இருக்கு. குதிச்சவரோட தைரியத்தை எல்லாரும் சொல்றாங்க. மேடை ஏன் எரிஞ்சதுன்னு யாரும் சொல்றதில்லை. இன்னிக்கு அந்தக் கதை.

மேடையின் பெயர் பைப்பர் ஆல்ஃபா. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி, வட கடலில் இருந்தது. ஆக்ஸிடென்டல் பெட்ரோலியம் என்ற பெரிய நிறுவனம் நடத்தியது. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. முதலில் எண்ணெய்க்காகக் கட்டிய மேடையில் பிறகு வாயு வேலையும் சேர்ந்தது. அதனால் வாயு அழுத்தும் பகுதி கன்ட்ரோல் ரூமுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. நடுவில் இருந்த சுவர்கள் தீயைத் தாங்கும், வெடிப்பைத் தாங்காது. பழைய கோடு மேல புது ஃபீச்சர் ஒட்டின மாதிரின்னு வெச்சுக்கோங்க.

1988 ஜூலை 6. மேடையில் ஏ, பி என்று இரண்டு பம்புகள். ஏ பம்பின் பாதுகாப்பு வால்வைப் பரிசோதனைக்காகப் பகல் ஷிஃப்ட் கழற்றியிருந்தது. மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்த குழாய் வாயில் ஒரு தகடை மட்டும் வைத்து மூடினார்கள். அது வாயுவைத் தாங்கும் அளவுக்கு இறுக்கப்படவில்லை.

இதையெல்லாம் பதிவு பண்ணத்தான் ‘பெர்மிட்’ என்ற தாள் இருக்கு. மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி எழுதிக் கையெழுத்து வாங்கணும். ஏ பம்புக்கு அன்று இரண்டு பெர்மிட்கள் இருந்தன: பம்பின் பராமரிப்புக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று. இரண்டும் தனித்தனி இடத்தில் இருந்தன. ஷிஃப்ட் மாறும்போது வால்வு விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரவு சுமார் 9.45-க்கு பி பம்ப் நின்றுபோனது. திரும்ப ஓடவில்லை என்றால் மேடையின் மின்சாரமே போய்விடும். இரவு ஷிஃப்ட்காரர்கள் ஏ பம்பைப் பார்த்தார்கள். பராமரிப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை, அப்போ ஓட்டலாம். வால்வு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்தது. 10 மணி வாக்கில் முதல் வெடிப்பு.

இனிதான் எமர்ஜென்ஸி ஏற்பாடு காப்பாத்தியிருக்கணும், இல்லையா? கடலுக்குள் டைவர்கள் வேலை செய்வதால் தீயணைப்பு பம்புகளை மேனுவலில் வைத்திருந்தார்கள். தீக்கு நடுவே போய் அவற்றை ஓட்ட யாராலும் முடியவில்லை. பக்கத்து மேடைகளுக்குத் தீ தெரிந்தது. ஆனாலும் அவை குழாயில் எண்ணெயையும் வாயுவையும் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. 10.20-க்கு ஒரு பெரிய வாயுக்குழாயே வெடித்தது.

பலர் விதிப்படி குடியிருப்புப் பகுதியில் கூடி, ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்தார்கள். புகையில் ஹெலிகாப்டர் இறங்கவே முடியாது. கன்ட்ரோல் ரூம் போய்விட்டதால் ‘வெளியேறுங்கள்’ என்ற அறிவிப்பும் வரவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது புகைதான். காத்திருக்காமல் கயிறு பிடித்து இறங்கியவர்களும் கடலில் குதித்தவர்களும்தான் பெரும்பாலும் பிழைத்தார்கள். மேடையில் இருந்த 226 பேரில் 61 பேர் உயிரோடு வந்தார்கள். காப்பாற்றப் போன படகில் இருந்தவர்களில் 2 பேரும் சேர்ந்து, மொத்தம் 167 பேர் இறந்தார்கள்.

கல்லன் பிரபு தலைமையிலான விசாரணையின் அறிக்கை 1990-இல் வந்தது. பெர்மிட் முறை காகிதத்தில்தான் சரியாக இருந்தது, புதிதாக வந்தவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அரைகுறையாக நடந்தது என்று அது சொன்னது. 106 பரிந்துரைகளும் ஏற்கப்பட்டன. அதன்பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் மேடை பாதுகாப்பானது என்று முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் மாறியது. ஆனால் ஆக்ஸிடென்டல் மீது கிரிமினல் வழக்கு எதுவும் போடப்படவில்லை.

ஒரு விஷயம் ஒத்துக்கறேன். பழைய வேலையில் ஒருநாள் ஒரு அலர்ட்டை ஆஃப் பண்ணிட்டு, டிக்கெட்ல எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ராத்திரி ட்யூட்டியில் இருந்த பையன்கிட்ட சொல்லலை. எழுதியாச்சே, அப்புறம் என்னன்னு நினைச்சேன். எங்களுக்குப் போனது கொஞ்ச நேரம் ஒரு வெப்சைட். அங்கே போனது 167 உயிர்.

அதனால ரெண்டே விஷயம். ஷிஃப்ட் முடிச்சுக் கிளம்பும்போது, பாதியில் நிக்கிற வேலையை அடுத்த ஆள்கிட்ட வாயால சொல்லுங்க. அடுத்த ஃபயர் ட்ரில்ல, டீ குடிக்கப் போற சாக்கா லிஃப்ட்ல இறங்காதீங்க. படிக்கட்டு எங்கே போய் முடியுதுன்னு ஒரு தடவை நடந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.