மெடிக்கெயார் காட்டும் மூக்குக் கண்ணாடியும்



வருமான வரிக் காலம் வந்தால் எங்கள் நிலையத் தொலைபேசிக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். "கண் பார்க்கப் போனால் மெடிக்கெயார் காசு குடுக்குமோ, இல்லை நாங்கள்தான் கட்ட வேணுமோ?" ஒரே வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்கு ஒரு பதில், மகளுக்கு வேறு பதில், பேரனுக்கு இன்னொரு பதில். ஏன் இப்படி ஆனது என்று விளங்க வேண்டுமானால் நாங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு முந்திய காலத்துக்குப் போக வேண்டும்.

கியூபெக்கின் பொது வைத்தியக் காப்புறுதி 1970 நவம்பர் 1ஆம் திகதி தொடங்கியது. அது அமைதியான காலம் அல்ல. ஒக்டோபர் 5இல் பிரித்தானிய வணிகத் தூதுவர் ஜேம்ஸ் குறொஸ் மொன்றியலில் கடத்தப்பட்டார். 8ஆம் திகதி, இந்தத் திட்டம் வேண்டாம் என்று விசேட வைத்திய நிபுணர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சட்டசபை ஒரு சட்டம் போட்டு அவர்களைத் திரும்ப வேலைக்கு அழைத்தது. அடுத்த நாட்களில் இராணுவம் தெருவில் நிற்க, அமைச்சர் பியர் லப்போர்ட் கொலையுண்டார். இத்தனைக்கும் நடுவில் திட்டத்தை விடாப்பிடியாகக் கொண்டுவந்தவர் சுகாதார அமைச்சர் குளோட் கஸ்தொங்கே. அவர் வைத்தியர் அல்ல, காப்புறுதிக் கணக்கீட்டாளர். கணக்குத் தொழிலில் இருக்கும் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்தத் திட்டத்தில் ஒப்ரோமெற்றிஸ்ற் செய்யும் கண் பரிசோதனைக்கும் இடம் இருந்தது. ஆனால் அந்த இடம் உறுதியானதாக இருக்கவில்லை. கண் வைத்திய நிபுணர் ஒரு டொக்டர். ஒப்ரோமெற்றிஸ்ற் கண்ணைச் சோதித்து கண்ணாடிக்கு எழுதித் தருபவர், டொக்டர் அல்ல. கண்ணாடியைப் பொருத்தித் தருபவர் மூன்றாமவர். ஒட்டாவா மாகாணங்களுக்குப் பணம் தரும்போது டொக்டரையும் ஆஸ்பத்திரியையும்தான் கட்டாயமாக்கியது. 1966ஆம் ஆண்டுச் சட்டமும் 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டமும் அப்படித்தான். ஒப்ரோமெற்றிஸ்ற்றுக்குப் பணம் கட்டுவது மாகாணத்தின் விருப்பம். விருப்பத்தில் கொடுப்பதை முடை வந்தால் முதலில் நிறுத்தலாம்.

அதுதான் நடந்தது. 1990களின் தொடக்கத்துச் செலவுக் குறைப்புக்குப் பிறகு, கியூபெக்கில் 18 வயது முதல் 64 வரையானவர்கள் வழமையான கண் பரிசோதனைக்குத் தாங்களே கட்ட வேண்டியதாயிற்று. சமூக உதவிப் பணம் தொடர்ந்து 12 மாதம் பெறுபவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. ஒன்ராறியோவும் 2004 நவம்பர் 1ஆம் திகதி 20 முதல் 64 வயது வரையானவர்களை வெளியே விட்டது. ஆனால் நீரிழிவு போன்ற சில நோய் உள்ளவர்களை வைத்துக்கொண்டது. ஆகவே ரொறொன்ரோவில் இருக்கும் மச்சான், "எனக்குச் சலரோகம், கண் சோதனை சும்மாதான்" என்றால், அவர் சொல்வது அங்கே சரி. இங்கே அதை நம்பிப் போய் அமராதீர்கள்.

இனி எங்கள் கதை. 1986 ஓகஸ்டில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீனவர்களால் மீட்கப்பட்டார்கள். அவர்களில் பலர் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கியவர்கள் ஏராளம். (வெளிநாட்டு விமானங்கள் டோர்வலுக்குத் திரும்பியது 1997இல்தான்.) வந்தவர்களில் அநேகர் இளவயதினர். உணவகச் சமையலறையிலும் தையல் தொழிற்சாலையிலும் உழைத்து வீட்டைத் தூக்கி நிறுத்திய வயதில்தான் அந்தப் பரிசோதனை அவர்கள் கையை விட்டுப் போனது. ஊரிலே அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம் என்று பழகியவர்கள், "பில் வருமாம்" என்று கேட்டதும் போகாமல் விட்டார்கள். கண் அழுத்த நோய் வலிக்காது, சொல்லிக்கொண்டும் வராது. சலரோகமும் விழித்திரையைச் சத்தமில்லாமல் கெடுக்கும். பரிசோதனைக் காசை மிச்சம் பிடித்துப் பார்வையைக் கொடுப்பது எந்தப் பேரேட்டிலும் இலாபமாக வராது.

அகதிக் கோரிக்கை விசாரணையில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. அவர்களை மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் பார்க்கிறது. அதன் வேர் 1957ஆம் ஆண்டு ஆணை ஒன்றில் இருக்கிறது. 2012 ஜூன் 30ஆம் திகதி அதிலிருந்து பெரும்பாலானவர்களுக்கு மருந்து, பல், கண் உதவிகள் வெட்டப்பட்டன. கியூபெக் அரசு அந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்பியது. வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் வழக்குப் போட்டார்கள். 2014 ஜூலை 4ஆம் திகதி நீதிபதி ஆன் மக்ராவிஷ், அந்த வெட்டு உரிமைச் சாசனம் தடைசெய்யும் கொடூரமான நடத்தை என்று தீர்ப்பளித்தார். முழு உதவி 2016 ஏப்ரல் 1ஆம் திகதி திரும்பியது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்திலோ, இந்த மேலதிக உதவிகளில் ஒரு பங்கை அவர்களே கட்டும் முறை அறிவிக்கப்பட்டது. புதிதாக வந்த உறவினரைக் கூட்டிக்கொண்டு போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இப்போது முக்கியமான செய்தி. 1986இல் 26 வயதில் கரை சேர்ந்தவருக்கு 2025இல் 65 வயதாகிவிட்டது. 65 ஆனதும் மெடிக்கெயார் மறுபடியும் கண் பரிசோதனைக்குக் கட்டுகிறது. பழைய பழக்கத்தில் காசு கட்டுபவர்களும், இன்னமும் போகாமலே இருப்பவர்களும் எங்கள் சனத்தில் உண்டு. மெடிக்கெயார் காட்டைக் காட்டுங்கள். கூடுதலாகப் படம் எடுப்போமா என்று கேட்டால், அது இலவசத்துக்குள் வருமா என்று முதலில் கேளுங்கள். கண்ணாடி விலை மட்டும் உங்களுடையது. வெண்புரைச் சத்திரசிகிச்சை எந்த வயதிலும் மெடிக்கெயாரில் அடங்கும். முன்பு தனியார் கிளினிக்குகளில் கண் வைத்தியர்கள் துளிமருந்துக்கென்று தனியாக வாங்கிய காசும் 2017 ஜனவரி 26 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது.

பிள்ளைகளுக்கு 18 வயது வரை பரிசோதனை இலவசம். 2019 செப்டெம்பரில் தொடங்கிய திட்டத்தில் அவர்களின் கண்ணாடிக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 250 டொலர் கொடுக்கத் தொடங்கினார்கள். பல்லுக்கு 2024இல் வந்த கனடாத் திட்டத்தைக் கண்ணுக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பல்லுக்கு மட்டும்.

நடு வயதினருக்கு மிஞ்சுவது வேலையிடத்துக் காப்புறுதியும் வரிப் படிவமும். கணவன் மனைவி இருவருக்கும் காப்புறுதி இருந்தால் முதலில் அவரவர் திட்டத்தில் கேட்டு, மிச்சத்தை மற்றவரின் திட்டத்தில் கேட்கலாம். பிள்ளைகளுக்கு வழக்கமாக, வருடத்தில் யாருடைய பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவருடைய திட்டம் முந்தும். வயதல்ல, மாதமும் திகதியும்.

யாரும் திருப்பித் தராத தொகையை வைத்தியச் செலவாக இரண்டு வரிப் படிவங்களிலும் போடலாம். மத்திய அரசு அவரவர் வருமானத்தின் 3 வீதத்தைக் கழிக்கும், அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. கியூபெக் குடும்ப வருமானத்தின் 3 வீதத்தைக் கழிக்கும். ஆகவே ஒட்டாவாவுக்குக் குறைந்த வருமானக்காரர் பெயரில் போடுவது பெரும்பாலும் நல்லது; கியூபெக்கில் அந்த வித்தை பலிக்காது. கண்ணாடிச் சட்டத்துக்குக் கியூபெக் 200 டொலருக்கு மேல் ஏற்காது. 1993 முதல் முதலாளி கட்டும் சுகாதாரக் காப்புறுதிப் பணத்தையும் கியூபெக் உங்கள் வருமானமாகக் கணக்கெடுக்கிறது. அது ஆர்எல்-1 சிலிப்பில் ஜே பெட்டியில் இருக்கும். வரி கட்டிய அந்தத் தொகையையே வைத்தியச் செலவுக்குள் சேர்க்கலாம். பலர் அந்தப் பெட்டியைப் பார்ப்பதேயில்லை. இந்த முறை சிலிப் வந்ததும் கண்ணாடிக் கடைப் பற்றுச்சீட்டையும் அதனுடன் சேர்த்துக் குத்தி வையுங்கள்.