வேர்ட்பிரஸ் தளம்: தொடங்கிய பிறகு செய்ய வேண்டியவை

ஊர்ச் செய்திகள், ஜமாஅத் அறிவிப்புகள், பள்ளி ஆண்டு விழாப் படங்கள், கல்வி உதவித்தொகை விண்ணப்பங்கள், வஃபாத் அறிவிப்புகள் என்று நம் ஊர்களின் பல விஷயங்கள் இன்று இணையதளங்களில்தான் பதிவாகின்றன. இத்தகைய தளங்களைத் தொடங்கி வைப்பவர் பெரும்பாலும் கணினி தெரிந்த ஓர் இளைஞராக இருப்பார். ஒரு வாரத்தில் தளம் தயாராகிவிடும். இரண்டு வருடங்களில் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கும். அதன் பிறகு பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது, ஆண்டுக் கட்டணம் கட்டுவது யார் என்று எவருக்கும் தெரியாது. ஒரு நாள் முகவரியைத் திறந்தால் தளம் இருக்காது, அல்லது அந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். பல ஆண்டுப் பதிவுகள் அத்துடன் போய்விடும்.

இந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியதே. மாதத்திற்கு ஓரிரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளம் ஒன்றை எப்படிப் பராமரிப்பது என்பதை, கணினித் துறை சாராதவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் இங்கே பார்ப்போம்.

வேர்ட்பிரஸ் என்றால் என்ன?

2003 மே 27 அன்று மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் வேர்ட்பிரஸின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். அதற்கு முன்பிருந்த பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டது இது. 2004-இல் பிளகின் வசதியும், 2005-இல் தீம் வசதியும் சேர்ந்தன. இன்று உலகின் இணையதளங்களில் பத்துக்கு நான்கு வேர்ட்பிரஸில் இயங்குவதாகக் கணக்கிடப்படுகிறது. இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள் என்பதால் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்.

ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது, மூல மென்பொருள். இரண்டாவது, தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம். மூன்றாவது, படிவம், படத்தொகுப்பு போன்ற கூடுதல் வசதிகளைத் தரும் பிளகின்கள். நான்காவது, நீங்கள் எழுதியவையும் ஏற்றிய படங்களும். முதல் மூன்றும் அழிந்தாலும் மறுபடி தரவிறக்கிக்கொள்ளலாம். நான்காவது உங்களிடம் மட்டுமே இருக்கிறது. பராமரிப்பு வேலைகள் அனைத்தும் கடைசியில் அதைக் காப்பதற்குத்தான்.

டொமைன் யார் பெயரில்?

தள முகவரியை டொமைன் என்கிறோம். தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினி இடத்தை ஹோஸ்டிங் என்கிறோம். இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் உண்டு. இரண்டும் தனிநபரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால், அவர் விலகும்போது தளமும் அவருடன் போய்விடும். எனவே நிறுவனத்தின் பெயரில் ஒரு பொது மின்னஞ்சல் தொடங்கி, டொமைன், ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் நிர்வாகக் கணக்கு மூன்றையும் அதில் பதிவு செய்யுங்கள். அந்த மின்னஞ்சலைத் திறக்கும் வழி குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டாட் காம் போன்ற டொமைன்கள் காலாவதியானதும் உடனே கைவிட்டுப் போவதில்லை. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாட்கள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அது கடந்துவிட்டால் மீட்புக் காலம் என்று 30 நாட்கள் உண்டு. அப்போது கட்டணம் பல மடங்கு அதிகம். அதன்பின் 5 நாட்களில் பெயர் பொதுவில் விடப்படும். நன்கு அறியப்பட்ட பழைய முகவரிகளை வாங்கி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரில் இருந்த தளம் சூதாட்டத் தளமாவது இப்படித்தான். ஒரே தடவையில் சில ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டணம் செலுத்திவிடுவது நல்லது.

தீம் தேர்வு

அழகை மட்டும் பார்த்துத் தீம் தேர்ந்தெடுக்க வேண்டாம். வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வத் தொகுப்பில் இருக்கிறதா, கடைசியாக எப்போது மேம்படுத்தப்பட்டது, கைப்பேசியில் எப்படித் தெரிகிறது என்பதைப் பாருங்கள். நம் வாசகர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள்.

விலை கொடுத்து வாங்க வேண்டிய தீம்களையும் பிளகின்களையும் சில தளங்கள் இலவசம் என்று தருகின்றன. இவற்றில் மறைமுகமாகத் தீய நிரல் சேர்க்கப்பட்டிருப்பது சாதாரணம். அப்படி இல்லாவிட்டாலும் பிற்காலத்தில் அப்டேட் கிடைக்காது. ஒன்றை வாங்க வசதி இல்லையென்றால் அதிகாரபூர்வத் தொகுப்பில் உள்ள இலவசத் தீம் ஒன்றே போதுமானது.

தீமின் கோப்புகளை நேரடியாகத் திருத்தினால், அடுத்த அப்டேட்டில் அந்தத் திருத்தங்கள் அழிந்துவிடும். திருத்தம் தேவையென்றால் துணைத் தீம் ஒன்றை உருவாக்கி அதில் செய்ய வேண்டும்.

பிளகின்: குறைவாக, கவனமாக

வேர்ட்பிரஸ் தளங்கள் தாக்கப்படும்போது பெரும்பாலும் வாசலாக அமைவது பிளகின்தான். மூல மென்பொருளை ஒரு பெரிய குழு கண்காணிக்கிறது. பிளகின்களில் பலவற்றையோ தனிநபர் ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதிப் பராமரிக்கிறார்.

2017-இல் நடந்தது ஒன்றைச் சொல்லலாம். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின் சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. அதை எழுதியவர் இன்னொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் அடுத்த அப்டேட்டுகளில் விளம்பரப் பக்கங்களைப் புகுத்தும் நிரலைச் சேர்த்தார். கடைசியில் அது தொகுப்பிலிருந்தே நீக்கப்பட்டது. நல்ல பிளகினும் கைமாறலாம் என்பதற்கு இது சான்று.

எனவே ஒவ்வொரு பிளகினையும் நிறுவும் முன் அது இல்லாமல் முடியாதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி அப்டேட் தேதியைப் பாருங்கள். வேர்ட்பிரஸின் அண்மைய மூன்று பெரிய பதிப்புகளில் சோதிக்கப்படாத பிளகின் என்றால் அதன் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும். பயன்படுத்தாதவற்றை நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது, அழித்துவிட வேண்டும். நிறுத்தி வைத்த பிளகினின் கோப்புகளும் சர்வரில் இருக்கும், அவற்றின் ஓட்டைகளும் இருக்கும்.

அப்டேட்டைத் தள்ளிப் போடலாமா?

2017 ஜனவரி 26-இல் வேர்ட்பிரஸ் 4.7.2 வெளியானது. முந்தைய பதிப்பில், பாஸ்வேர்ட் இல்லாமலே யாரும் பதிவுகளைத் திருத்த முடியும் என்ற கடுமையான ஓட்டை ஒன்றை அது அடைத்தது. சில நாட்கள் கழித்தே அந்த விவரம் பகிரங்கமானது. அதற்குள் தானியங்கி அப்டேட் இயங்கிய தளங்கள் பாதுகாப்பாகிவிட்டன. அதை நிறுத்தி வைத்திருந்தவர்களின் தளங்களிலோ ஏராளமான பக்கங்கள் அடுத்த சில நாட்களிலேயே சிதைக்கப்பட்டன. சிறிய தளம்தானே, நம்மை யார் தாக்குவார்கள் என்று எண்ண வேண்டாம். இத்தகைய தாக்குதல்களை நடத்துபவை தானியங்கி நிரல்கள். அவை தளம் பெரியதா சிறியதா என்று பார்ப்பதில்லை.

சிறு பாதுகாப்பு அப்டேட்டுகள் 2013 முதல் தாமாகவே நடக்கின்றன. பிளகின், தீம் ஆகியவற்றுக்கும் இந்த வசதி 2020-இல் வந்தது. அதை நீங்கள்தான் இயக்க வேண்டும். பெரிய பதிப்பு மாற்றங்களைக் கையால் செய்வதாக இருந்தால், முதலில் பேக்கப் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றினால், பிரச்சினை வந்தபின் எதனால் வந்தது என்று தெரியாது.

ஏதாவது பிளகின் தளத்தை முடக்கினால், மீட்பு இணைப்பு ஒன்றை வேர்ட்பிரஸ் நிர்வாக மின்னஞ்சலுக்கு அனுப்பும். 2019 முதல் இந்த வசதி உண்டு. அந்த மின்னஞ்சல் எப்போதோ விலகிப் போனவருடையதாக இருந்தால் கடிதம் உங்களுக்கு வராது.

சர்வரில் இயங்கும் பிஎச்பி மொழியின் பதிப்பையும் கவனியுங்கள். 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் புதிய பதிப்புக்கு மாறலாம். மாறும் முன்பும் பேக்கப் அவசியம்.

பேக்கப்: இரண்டும் வேண்டும்

கட்டுரைகளின் எழுத்து வடிவம் தரவுத்தளத்தில் இருக்கிறது. படங்கள் கோப்புறையில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்து வைப்பது பாதி பேக்கப்தான். இரண்டையும் சேர்த்து எடுக்கும் பிளகின்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தினமும் செய்தி ஏற்றும் தளத்துக்குத் தினமும், மற்றவற்றுக்கு வாரம் ஒருமுறையும் எடுக்கலாம்.

பேக்கப்பை அதே சர்வரில் மட்டும் வைத்தால் பயனில்லை. சர்வர் போனால் அதுவும் போய்விடும். ஒரு பிரதியை கூகுள் டிரைவ் போன்ற இடத்திலும், இன்னொன்றை வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள ஹார்ட் டிஸ்க்கிலும் வையுங்கள். வருடத்தில் ஒருமுறையாவது அந்தப் பேக்கப்பிலிருந்து தளத்தை வேறோர் இடத்தில் மீட்டுப் பாருங்கள். அப்படிச் சோதிக்காத பேக்கப் தேவைப்படும் நாளில் திறக்காமல் போகலாம்.

யாருக்கு எந்த அதிகாரம்?

வேர்ட்பிரஸில் நிர்வாகி, ஆசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என்று ஐந்து நிலைகள் உண்டு. செய்தி மட்டும் அனுப்புபவருக்கு பங்களிப்பாளர் நிலை போதும். அவர் எழுதுவது இன்னொருவர் பார்த்த பிறகே வெளியாகும். நிர்வாகி நிலை இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரே கணக்கைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தவும் வேண்டாம். பொறுப்பிலிருந்து விலகியவரின் கணக்கை அன்றே நீக்குங்கள். நீக்கும்போது அவருடைய பதிவுகளை என்ன செய்வது என்று கேட்கும். வேறொருவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையேல் அவையும் அழிந்துவிடும்.

உதவித்தொகை, திருமணத் தகவல் போன்ற படிவங்கள் தளத்தில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பல படிவப் பிளகின்கள், வந்த விவரங்களைத் தரவுத்தளத்திலேயே சேமித்து வைக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் தொலைபேசி எண்ணும் படமும் அதில் இருக்கலாம். அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வேலை முடிந்ததும் அவற்றை அழித்துவிட வேண்டும். தேவையில்லாத விவரங்களைக் கேட்கவே கூடாது.

தமிழ்த் தளங்களுக்கு

கட்டுரைத் தலைப்பைத் தமிழில் இட்டால், அதன் முகவரியும் தமிழிலேயே அமையும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது பல இடங்களில் அது சதவீதக் குறிகளாக மாறிவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்துகளாக நீளும். “பள்ளிவாசல்” என்ற ஒரே சொல் 90 எழுத்துகளாகும். தலைப்பு முகவரிக்கு வேர்ட்பிரஸ் தரும் இடம் 200 எழுத்துகள் மட்டுமே என்பதால் நீண்ட தலைப்புகள் பாதியில் வெட்டுப்படும். வெளியிடும் முன் முகவரிப் பகுதியில் ஆங்கில எழுத்துகளில் இரண்டு மூன்று சொற்களைக் கொடுத்துவிடுங்கள். பழைய பதிவுகளின் முகவரிகளை மாற்ற வேண்டாம், ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் உடையக்கூடும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வரும் செய்திகளை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். இல்லையெனில் படிக்கவும் முடியாது, கூகுளில் தேடவும் முடியாது. அறிவிப்புகளைப் படமாக மட்டும் போடுவதும் இதே குறை உடையது. படத்துடன் விவரத்தை எழுத்திலும் தட்டச்சு செய்யுங்கள்.

கைப்பேசிப் படங்களை அப்படியே ஏற்றாமல் 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். பக்கம் விரைவில் திறக்கும், ஹோஸ்டிங் இடமும் மிஞ்சும்.

தளம் தாக்கப்பட்டுவிட்டால்

கூகுளில் வருபவர்கள் வேறு தளத்துக்குத் திருப்பப்படுவது, தேடல் முடிவுகளில் உங்கள் தளத்தின் பெயரில் ஜப்பானிய எழுத்துகள் தெரிவது, அறியாத நிர்வாகி ஒருவர் பட்டியலில் இருப்பது ஆகியவை அறிகுறிகள். பதறி எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். முதலில் இப்போதைய நிலையையே ஒரு பிரதி எடுங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். ஹோஸ்டிங், தரவுத்தளம், வேர்ட்பிரஸ், மின்னஞ்சல் என எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். மூல மென்பொருள், தீம், பிளகின்களை அழித்து அதிகாரபூர்வத் தொகுப்பிலிருந்து புதிதாக நிறுவுங்கள். தாக்குதலுக்கு முந்தைய பேக்கப் இருந்தால் அதிலிருந்து மீட்டு, உடனே அனைத்தையும் அப்டேட் செய்யுங்கள். ஓட்டையை அடைக்காமல் மீட்டால் மீண்டும் அதே வழியாக வருவார்கள்.

பேக்கப்பே இல்லாமல் தளம் அழிந்துவிட்டது என்றாலும் ஒரு வழியைப் பார்க்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷினில் பழைய முகவரியை இட்டுத் தேடுங்கள். எல்லாம் கிடைக்காது. ஆனாலும் பல பக்கங்களின் எழுத்தையாவது மீட்க முடியும்.

மாதம் ஒருமுறை

1. அப்டேட்டுகள் நடந்துள்ளனவா?
2. கடைசி பேக்கப் எந்தத் தேதியில், எங்கே இருக்கிறது?
3. பயனர் பட்டியலில் தேவையில்லாதவர் உண்டா?
4. பயன்படுத்தாத பிளகின், தீம் உண்டா?
5. படிவங்கள் வேலை செய்கின்றனவா? பழைய விண்ணப்பங்கள் அழிக்கப்பட்டனவா?
6. டொமைன், ஹோஸ்டிங் காலாவதித் தேதி எப்போது?

இந்த ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, கணக்குப் புத்தகத்துடன் சேர்த்து வையுங்கள். பொறுப்பாளர் மாறும்போது சாவிக் கொத்தைக் கையளிப்பதுபோல அந்தத் தாளையும் பொது மின்னஞ்சலையும் கையளியுங்கள். இன்ஷா அல்லாஹ், தளத்தைத் தொடங்கியவர் எந்த நாட்டில் இருந்தாலும் தளம் ஊரில் நிற்கும்.