கோட்டை விட்ட கணக்கு வாத்தியார்

போன வருஷம் லார்ஜ் பார்மட் கேமரா ஒண்ணு செஞ்சேன். 4க்கு 5 இஞ்ச் படம், கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டு போகஸ் பண்ற அந்தக் காலத்து சமாச்சாரம். மரப்பெட்டியை நாமே அடிச்சிடலாம். லென்ஸ் விலையைப் பார்த்தாத்தான் மயக்கம் வரும். முகம் எடுக்க மலிவா என்ன கிடைக்கும்னு தேடப்போய், ஒரு கணக்கு வாத்தியார் கதையில மாட்டிக்கிட்டேன்.

1839ல் பாரிஸில் டாகேர் தன் புகைப்பட முறையை வெளியிட்டார். அவர் கேமராவுல இருந்தது ஷெவாலியே செய்த லென்ஸ். கட்டடம் எடுக்க ஓகே. ஆனா வெளிச்சம் போற வழி ரொம்பக் குறுகல், சுமார் எஃப்/15. ஆளைப் படம் எடுக்கணும்னா வெயில்ல பல நிமிஷம் சிலை மாதிரி உக்காரணும். யாரால முடியும்?

வியன்னா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால் இதைக் கையில எடுத்தார். அதுவரை லென்ஸ் செய்யறவங்க பெரும்பாலும் தேய்ச்சுப் பார்த்து, சரியா வரலைன்னா மறுபடி தேய்ப்பாங்க. இவர் ஒளிக்கதிர் எப்படி வளையும்னு முதல்ல பேப்பர்ல கணக்குப் போட்டார். தனியாளா முடியுமா? கணக்குத் தெரிஞ்ச ஆட்களைப் பீரங்கிப்படை அனுப்பி வச்சது. அப்பல்லாம் கம்ப்யூட்டர்னா மனுஷங்கதான்!

1840ல் லென்ஸ் ரெடி. எஃப்/3.6. பழசை விட சுமார் 17 மடங்கு வெளிச்சம். பல நிமிஷம் ஒரு நிமிஷத்துக்குள்ள வந்தது. ஆளைப் படமெடுக்கிறது ஒரு தொழிலாச்சு.

வாத்தியாருக்கு என்ன கிடைச்சது? தயாரிச்சு வித்த ஃபோக்ட்லெண்டர் கொடுத்தது ஒரே தடவையா 2,000 குல்டன். ஆஸ்திரியாவுக்கு வெளியே காப்புரிமையும் இல்லை. ரெண்டு பேருக்கும் சண்டை முத்திப்போச்சு. 1849ல் ஃபோக்ட்லெண்டர் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக்ல கடை விரிச்சார். பாரிஸ், லண்டன்னு ஆளாளுக்கு அதே அமைப்பைக் காப்பியடிச்சாங்க. 1859ல் பெட்ஸ்வால் வீட்டுல திருடன் புகுந்ததுல அவரோட ஒளியியல் கையெழுத்துப் பிரதிகளும் போச்சு. 1891ல் இறந்தார்.

அந்தக் காப்பிகள்தான் இன்னிக்கு நமக்குச் சோறு போடுது. மேஜிக் லாந்தர், பழைய புரொஜக்டர்கள்ல இருக்கிற பித்தளை லென்ஸ் பலதும் பெட்ஸ்வால் அமைப்புதான். பெரிய கம்பெனி பேர் பொறிச்சிருந்தா யானை விலை. பேரில்லாததைத் தேடுங்க. குவிதூரம் 8 இஞ்சுக்குக் குறைஞ்சா படத்தோட மூலை இருட்டாயிடும், அதனால சின்ன சினிமா புரொஜக்டர் லென்ஸ் வேலைக்காகாது. நடுவுல கண்ணு கூர்மையா விழும், ஓரம் கலங்கி சுழலும். முகத்துக்கு அதுவே அழகு.

ஷட்டர் இருக்காது. பிலிமுக்குப் பதிலா போட்டோ பேப்பரையே உள்ளே வைங்க. அது மந்தம், அதனால லென்ஸ் மூடியே ஷட்டர்.

எனக்குக் கிடைச்சது பேரில்லாத ஒரு லாந்தர் லென்ஸ். முதல் படம் தாத்தாவை. ஜன்னல் ஓரமா உக்கார வச்சு, "தாத்தா, ஆடாதீங்க"ன்னு மூடியைத் திறந்து ரெண்டு எண்ணி மூடினேன். "அவ்வளவுதானாடா?"ன்னார்.

அவ்வளவுதான் தாத்தா. மிச்ச நிமிஷத்தையெல்லாம் வியன்னாவுல ஒருத்தர் 2,000 குல்டனுக்குக் கொடுத்துட்டுப் போயிட்டார்.