பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளில் இனிப்புப் பானத் தடை

பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளில் இனிப்புப் பானத் தடை என்பது சர்க்கரை சேர்க்கப்பட்ட குளிர்பானங்களைப் பள்ளி வளாகத்தினுள்ளும் அதனை ஒட்டிய பகுதியிலும் மாணவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் ஒழுங்குமுறை ஆகும். இந்தியாவில் இது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் வழியாக, 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய தடை எங்குக் கொண்டுவரப்பட்டாலும், சிற்றுண்டிச்சாலையின் இலாபம் குறையுமா என்ற கேள்வி உடன் எழுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் இது பள்ளியின் நிதிநிலை பற்றிய கேள்வி. தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊரக மாவட்டங்களில் இது பெரும்பாலும் ஒப்பந்தக்காரர், பள்ளி வாயிலில் உள்ள பெட்டிக்கடைக்காரர் ஆகியோரின் வருவாய் பற்றிய கேள்வி.

பின்னணி

வளிமம் ஏற்றப்பட்ட வழக்கமான கோலா பானம் ஒன்றில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கிராம் சர்க்கரை உள்ளது. 250 மில்லி லிட்டர் புட்டி ஒன்றைக் குடிக்கும் சிறுவன் ஐந்து தேக்கரண்டிக்கு மேற்பட்ட சர்க்கரையை உட்கொள்கிறான். நாளொன்றுக்குத் தேவையான மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவே சேர்க்கப்பட்ட சர்க்கரை இருத்தல் வேண்டும் எனவும், 5 விழுக்காட்டுக்குக் குறைப்பது மேலும் நன்று எனவும் உலக சுகாதார அமைப்பு 2015 இல் பரிந்துரைத்தது. திட உணவைப் போலன்றிப் பானத்தில் உள்ள சர்க்கரை வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில்லை. ஆகவே அதனைக் குடித்த பின்னும் உணவின் அளவு குறைவதில்லை. உடற்பருமன், பற்சொத்தை, பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றுடன் இப்பானங்கள் தொடர்புபடுத்தப்படுவதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

இந்தியாவில் சட்ட நிலை

பள்ளிகளிலும் அவற்றைச் சுற்றிலும் நொறுக்குத் தீனி, குளிர்பான விற்பனையைத் தடை செய்யக் கோரி உதய் அறக்கட்டளை என்ற அமைப்பு 2010 இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது. வழக்கின் போக்கில் வல்லுநர் குழு ஒன்று பள்ளிகளுக்கான வழிகாட்டு நெறிகளை உருவாக்கியது. 2015 மார்ச்சில் நீதிமன்றம் அந்நெறிகளுக்குச் சட்ட வடிவம் அளிக்குமாறு பணித்தது. அப்பணி முடிவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இடையில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2016 சனவரியில் தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மகாராட்டிர அரசு 2017 மே மாதத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளில் குளிர்பானம் உள்ளிட்டவற்றைத் தடை செய்து, இட்லி, இளநீர் முதலியவற்றை விற்கலாம் எனப் பட்டியலிட்டது.

2020 செப்டம்பர் 4 அன்று அறிவிக்கை செய்யப்பட்ட ஒழுங்குமுறைகளின்படி, நிறைவுற்ற கொழுப்பு, மாறுபக்கக் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியன மிகுந்த உணவுகளைப் பள்ளியின் சிற்றுண்டிச்சாலையிலோ விடுதிச் சமையற்கூடத்திலோ வளாகத்திலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளோ மாணவர்களுக்கு விற்றல் கூடாது. அவற்றுக்கு விளம்பரம் செய்தலும், இலவசமாக வழங்கலும் கூடா. பள்ளியே உணவு விற்றாலும் ஒப்பந்தக்காரர் விற்றாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ உரிமமோ பெற்றிருத்தல் வேண்டும். எத்தனை கிராமுக்கு மேற்பட்டால் சர்க்கரை "மிகுந்தது" எனப்படும் என்பதற்கு எண்ணளவான வரம்பை இவ்வொழுங்குமுறைகள் வகுக்காமை அவற்றின் பெருங்குறையாகச் சுட்டப்படுகிறது. கோலா பானத்தில் எவருக்கும் ஐயம் எழாது. பெட்டியில் அடைத்த மாம்பழச் சாறு, இனிப்பூட்டிய பால், மால்ட் பானம் ஆகியவற்றிலேயே சிக்கல் தொடங்குகிறது.

இலாபம் எவ்வாறு அமைகிறது

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில் சிற்றுண்டிச்சாலையைப் பள்ளி நிருவாகமே நடத்துவதும் உண்டு. வெளியாருக்கு ஒப்பந்தத்தில் விடுவதும் உண்டு. ஒப்பந்த முறையில் பள்ளிக்குக் கிடைப்பது முன்னரே பேசி முடித்த வாடகை ஆகும். விற்பனை குறைந்தால் இழப்பு முதலில் ஒப்பந்தக்காரரையே சேரும். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதுதான் அது வாடகைக் குறைப்பாகப் பள்ளியை எட்டும். தடையால் பள்ளிக்கு இழப்பு என்று சொல்லப்படும்போது யாருடைய இழப்பு என்று கேட்பது பொருத்தமானது.

புட்டிப் பானத்தின் கவர்ச்சி அதன் இலாப விகிதத்தில் இல்லை. அதிகபட்ச சில்லறை விலை புட்டியிலேயே அச்சிடப்பட்டிருப்பதால் கடைக்காரர் அதற்கு மேல் வாங்க இயலாது. அவருக்குரிய பங்கை நிறுவனமும் விநியோகத்தரும் முடிவு செய்கின்றனர். ஆயினும் புட்டி கெடுவதில்லை. சமைக்க ஆள் வேண்டுவதில்லை. இடைவேளையின் பத்து நிமிடங்களில் நூறு பேருக்குக் கொடுத்துவிடலாம். பல இடங்களில் குளிர்பதனப் பெட்டியையும் பெயர்ப்பலகையையும் குளிர்பான நிறுவனமே தருகிறது. அப்பெட்டியில் அந்நிறுவனத்தின் சரக்கையே வைக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. தடை வரும்போது கடைக்காரர் இழப்பது பானத்தின் சிறு இலாபத்தை மட்டுமன்று, அப்பெட்டியையும் சேர்த்தே.

மோர், எலுமிச்சைச் சாறு, சுண்டல், வேகவைத்த கடலை ஆகியவற்றில் நிலைமை நேர்மாறானது. இவற்றுக்கு அச்சிட்ட விலை இல்லை, மூலப்பொருள் மலிவு. எடுத்துக்காட்டாக, 20 ரூபாய்ப் புட்டியில் 2 ரூபாய் மிஞ்சுவதாகக் கொண்டால் 100 புட்டிக்கு 200 ரூபாய் கிடைக்கும். 10 ரூபாய்க்கு விற்கும் ஒரு குவளை மோரில் 4 ரூபாய் மிஞ்சுவதாகக் கொண்டால் 50 குவளைகளில் அதே தொகை வந்துவிடும். இது கணக்கை விளக்குவதற்கான கற்பனை எடுத்துக்காட்டே. மோர் மாலைக்குள் புளித்துவிடும் என்பதும், காலையில் ஒருவர் தயிரைக் கடைய வேண்டும் என்பதும், நல்ல குடிநீர் தேவை என்பதும் இக்கணக்கில் இல்லை. தடைக்குப் பின் இலாபம் நிலைத்த இடங்களில் இவ்வேலையைச் செய்ய ஆள் இருந்தனர் என்பதே பொதுவாகக் காணப்படுவது.

வரியும் இக்கணக்கில் இடம்பெறுகிறது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது வளிமம் ஏற்றிய பானங்களுக்கு 28 விழுக்காடு வரியும் 12 விழுக்காடு இழப்பீட்டுத் தீர்வையும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் இவை 40 விழுக்காடு என்ற ஒரே வீதமாக ஆக்கப்பட்டன.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

பெரம்பலூர் மாவட்டம் 1995 இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001 இல் தனி மாவட்டமாகி, 2002 இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டம் ஆனது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. அரியலூரின் மக்கள்தொகை 7,54,894. இரு மாவட்டங்களிலும் பெரும்பான்மையோர் சிற்றூர்களில் வாழ்பவர்கள்.

இங்குள்ள அரசுப் பள்ளிகளில் "சிற்றுண்டிச்சாலை" என்ற ஒன்று பொதுவாக இல்லை. சத்துணவுக் கூடமே உள்ளது. 1982 ஜூலை 1 அன்று ம. கோ. இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டத்தின் கீழ் நண்பகலில் சோறும் முட்டையும் இலவசமாக வழங்கப்படுகின்றன. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. இவற்றில் எதுவும் விற்பனைக்கு இல்லை; ஆகவே இலாபமும் இல்லை. விற்பனை நடப்பது பள்ளிச் சுவருக்கு வெளியே, பெட்டிக்கடையிலும் தள்ளுவண்டியிலும் ஆகும். தேன்மிட்டாய், கடலை மிட்டாய், நெகிழிப் பையில் உறைய வைத்த வண்ணச் சர்க்கரை நீர், சிறு புட்டிக் குளிர்பானம் என்பன அங்குக் கிடைப்பவை. சில்லறைக்காசை எண்ணி விற்கும் இக்கடைகளுக்குப் பள்ளி விடும் நேரமே சந்தை நேரம். கோடை விடுமுறையில் வருவாய் விழுந்துவிடும். ஒழுங்குமுறையின் 50 மீட்டர் எல்லை முதலில் தொடுவது இவர்களையே. தனியார் பதின்மப் பள்ளிகளும் கல்லூரி வளாகங்களும் வளர்ந்துள்ள பெரம்பலூர் நகரில் மட்டுமே சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தம் என்பது குறிப்பிடத்தக்க அளவில் பொருள்படுகிறது எனலாம்.

இரு மாவட்டங்களும் சர்க்கரைக்குப் புறத்தே நிற்பவை அல்ல. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் பொதுத்துறையைச் சேர்ந்த பெரம்பலூர் சர்க்கரை ஆலை உள்ளது. அரியலூர் மாவட்டம் சாத்தமங்கலத்தில் தனியார் ஆலை ஒன்று உள்ளது. சுற்றுவட்டாரக் கரும்பு உழவர்கள் இவற்றுக்குக் கரும்பு வழங்குகின்றனர். பள்ளிப் பானங்களுக்குச் செல்லும் சர்க்கரை மொத்த உற்பத்தியில் மிகச் சிறிய பகுதியே என்பதால், தடையைக் கரும்பு விலையுடன் இணைத்துப் பேசுவது பொருந்தாது.

மாற்றுப் பொருள்களுக்கும் பஞ்சம் இல்லை. பெரம்பலூர் மக்காச்சோளத்திற்கும் சின்ன வெங்காயத்திற்கும் பெயர் பெற்றது. அரியலூரின் செயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளில் முந்திரி விளைகிறது. நிலக்கடலை இரண்டிலும் உண்டு. ஆனால் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித்தீவனத்திற்குச் செல்கிறது. முந்திரிப் பழமோ கொட்டையைத் திருகி எடுத்தபின் தோப்பிலேயே வீணாவது வழக்கம். வயலில் விளைவது பள்ளி வாயிலுக்கு வந்து சேர்வதற்கு வேகவைத்து விற்கும் ஒருவர் தேவை. அவருக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை.

மிகையூட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவது இம்மாவட்டங்களில் அரை உண்மையே ஆகும். ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. உண்ண வேண்டியதை உண்ணாமல் பத்து ரூபாயை இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மெலிந்த குழந்தைக்கும் இத்தடை பொருந்தும். அக்குழந்தையிடம் பறிபோவது உடல் மெலிவதற்கான வாய்ப்பன்று. ஒரு வேளைச் சத்து.

2017 வணிகர் புறக்கணிப்பு

சல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கொக்கோ கோலா ஆகியவற்றை விற்பதில்லை என அறிவித்தன. நிலத்தடி நீர் சுரண்டப்படுதல், உள்நாட்டுத் தயாரிப்புகளுக்கு ஆதரவு ஆகியன காரணங்களாகக் கூறப்பட்டன. காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோ இக்காலத்தில் பெரிதும் தேடப்பட்டது. இதனைச் சர்க்கரைத் தடையுடன் குழப்பிக்கொள்ளல் ஆகாது. மாறியது புட்டியின் பெயரே. எனினும் கடைக்காரர் ஒரு சரக்கை நிறுத்திவிட்டு மற்றொன்றைக் கொண்டு கடை நடத்த இயலும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

பிற நாடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் 1990களில் பள்ளி மாவட்டங்கள் குளிர்பான நிறுவனங்களுடன் தனியுரிமை ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. கொலராடோ இசுப்பிரிங்சு நகரின் பள்ளி மாவட்டம் ஒன்று 1997 இல் கொக்கோ கோலாவுடன் பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. முழுத்தொகையைப் பெற முதல் மூன்று ஆண்டுகளில் ஓர் ஆண்டிலேனும் 70,000 பெட்டிகள் விற்க வேண்டியிருந்ததால், மாணவர் எளிதில் வாங்கும்படி விற்பனை எந்திரங்களை வைக்குமாறு அலுவலர் ஒருவர் 1998 இல் தலைமையாசிரியர்களுக்கு மடல் எழுதினார். பள்ளியே விற்பனையாளராக மாறியதன் அடையாளமாக இம்மடல் பரவலாகப் பேசப்பட்டது.

கலிபோர்னியா மாநிலம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 2004 முதலும், உயர்நிலைப் பள்ளிகளில் படிப்படியாக 2009க்குள்ளும் இப்பானங்களை விலக்கியது. தனித்தனியாக விற்கும் பண்டங்களின் வருவாய் குறைந்தபோதிலும், மாணவர்கள் முழு உணவுக்குத் திரும்பியதால் நடுவண் அரசின் மானியம் கூடி இழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்தது என அங்கு நடந்த ஆய்வுகள் கண்டன. தமிழ்நாட்டுக்கு இம்முடிவை அப்படியே பொருத்த இயலாது. இங்கு மாணவர் சத்துணவுக்குத் திரும்பினால் மாணவர் பயன்பெறுவார். வாயிற்கடைக்காரரின் இழப்பை ஈடுசெய்யும் மானியம் எதுவும் இல்லை.

2012 இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, சோடா வகைகளை மட்டும் தடை செய்த மாநிலங்களில் எட்டாம் வகுப்பு மாணவர்களின் மொத்த இனிப்புப் பான நுகர்வு குறையவில்லை எனக் காட்டியது. தடை உள்ள மாநிலங்களிலும் இல்லாத மாநிலங்களிலும் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் வாரத்தில் ஒரு முறையேனும் அவற்றைக் குடித்திருந்தனர். விளையாட்டுப் பானம், பழச்சுவைப் பானம், வெளிக்கடை என வேறு வழிகள் திறந்திருந்தன.

இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானப் புட்டிகளில் சர்க்கரையின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லி லிட்டரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு ஆகும். இந்திய ஒழுங்குமுறையில் விடுபட்ட எண் வரம்பு அங்குப் புட்டியின் மீதே நிறமாகத் தெரிகிறது.

சர்க்கரைப் பலகை

2025 மே மாதத்தில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் தன்னுடன் இணைந்த பள்ளிகளில் "சர்க்கரைப் பலகை" வைக்குமாறு அறிவுறுத்தியது. 4 முதல் 10 வயதுள்ள குழந்தைகள் நாளாந்த ஆற்றலில் 13 விழுக்காட்டையும், 11 முதல் 18 வயதினர் 15 விழுக்காட்டையும் சர்க்கரையிலிருந்து பெறுவதாக அச்சுற்றறிக்கை கூறியது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பள்ளிகளில் பெரும்பாலானவை மாநிலப் பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை ஆதலின், அவ்வறிவுறுத்தல் அவற்றைக் கட்டுப்படுத்தாது. 50 மீட்டர் விதி அனைத்துப் பள்ளிகளுக்கும் உரியது.